வீட்டுப் பட்டறைக்கு ஒரு பெல்ட்–டிஸ்க் சாண்டர்: ஒன்றரை ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

கோவையில் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தின் பின்பாதிதான் என் மரப்பட்டறை. பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உள்ள அந்த இடத்தில் விடுமுறை நாட்களில் அஞ்சறைப் பெட்டி, மணைப்பலகை, படச்சட்டம், பல்லாங்குழிப் பலகை போன்ற சிறு பொருட்களைச் செய்துவருகிறேன். அறுப்பதும் இணைப்பதும் ஓரளவு கைவந்த பிறகும் ஒரு வேலை மட்டும் என்னைத் தொடர்ந்து சோதித்தது. குறுக்காக அறுத்த முனையை, அதாவது மரத்தின் வெட்டுமுகத்தை, பிசகாத செங்கோணத்தில் வழவழப்பாக்குவதே அந்த வேலை. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றித் தேய்த்தால் விளிம்புகள் உருண்டுவிடுகின்றன. இழைப்புளியை ஓட்டினால் மறு ஓரத்தில் மரம் சிதறிவிடுகிறது. படச்சட்டத்தின் மூலையில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி தெரிந்தாலும் அந்தச் சட்டத்தைச் சுவரில் மாட்ட எனக்கு மனம் வருவதில்லை. இதற்காகவே பெல்ட்டும் டிஸ்கும் ஒரே உடலில் பொருந்திய சாண்டர் ஒன்றை, அதாவது ஓடும் உப்புத்தாள் பட்டையாலும் உப்புத்தாள் ஒட்டிய சுழலும் வட்டத் தட்டாலும் மரத்தைத் தேய்க்கும் இயந்திரத்தை, வாங்கினேன்.

அதன் வணிகப் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. இந்த வகையில் ஒரே வார்ப்பில் உருவான இயந்திரம் வேறு வேறு நிறங்களில், வேறு வேறு பெயர்களில் விற்பனைக்கு வருகிறது என்பதைப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஆகவே, பெயரைவிட எந்த அளவைத் தேர்ந்தெடுப்பது, எந்த உறுப்பைச் சோதித்துப் பார்ப்பது என்பவையே வாங்குபவருக்கு உதவும் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது 100 மி.மீ. அகலமும் 914 மி.மீ. சுற்றளவும் கொண்ட பெல்ட்டும், 150 மி.மீ. விட்டமுள்ள டிஸ்கும், அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் கொண்ட நடுத்தர இயந்திரம். விலை 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.

வீட்டுப் பட்டறைக்குப் பொருந்தும் அளவுகள் பெரும்பாலும் மூன்றே. 25 மி.மீ. அகலமும் 762 மி.மீ. சுற்றளவும் கொண்ட பெல்ட்டோடு 125 மி.மீ. டிஸ்க் சேர்ந்தது சிறியது. என்னிடம் இருப்பது போன்றது நடுத்தரம். 150 மி.மீ. அகலமும் 1,220 மி.மீ. சுற்றளவும் கொண்ட பெல்ட்டோடு 225 முதல் 300 மி.மீ. வரை விட்டமுள்ள டிஸ்க் சேர்ந்தது பெரியது. சிறியது, கத்தி தீட்டுவோருக்கும் பொம்மை, நகைப்பெட்டி போன்ற நுண்வேலை செய்வோருக்கும் மிகவும் ஏற்றது. பலகைகளைக் கையாளும் தச்சுவேலைக்கு அதன் பெல்ட் ஒரு நாடாவைப் போலக் குறுகிவிடும். பெரியதைத் தனித் தாங்கியின் மேல் தரையில் நிறுத்த வேண்டும். அதைப் பிறகு இடம் மாற்றுவதற்கு இரண்டு ஆட்கள் தேவைப்படுவார்கள்.

டிஸ்கின் அளவைப் பற்றி நான் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. டிஸ்க், முன்னால் நின்று பார்ப்பவருக்கு இடஞ்சுழியாகச் சுழல்வதாக வைத்துக்கொள்வோம். அப்போது அதன் இடது பாதி கீழ்நோக்கி வந்து, டிஸ்குக்கு முன்னால் மரத்தைத் தாங்கும் சிறிய மேசையின் மேல் மரத்தை அழுத்திப் பிடிக்கிறது. வலது பாதியோ மேல்நோக்கிச் சென்று மரத்தைத் தூக்கி எறியப் பார்க்கிறது. எனவே, பாதுகாப்பாகப் பயன்படுவது இடது பாதி மட்டுமே. அந்தப் பாதியிலும் நடுப்புள்ளியை நெருங்க நெருங்க வேகம் சுழியத்தை நோக்கிக் குறைந்துவிடுவதால், அங்கே தேய்ப்பதைவிட உரசிச் சூடேற்றுவதே மிகுதியாக நடக்கும். 150 மி.மீ. டிஸ்கில் இடது பாதி 75 மி.மீ.; மையத்தை ஒட்டிய பகுதியைக் கழித்தால் நம்பி வேலை செய்யக் கிடைப்பது ஏறத்தாழ 60 மி.மீ. அகலம்தான். என் அஞ்சறைப் பெட்டியின் பக்கப்பலகைகள் 55 மி.மீ. உயரமுள்ளவை என்பதால் தப்பித்தேன். 90 மி.மீ. பலகையின் முனையை ஒரே தொடுகையில் நேராக்க முடியாமல் இரண்டு முறையாக நகர்த்தித் தேய்க்கும்போது, நடுவில் மெல்லிய மேடு ஒன்று நின்றுவிடுகிறது. ஆகையால், வாங்கும் முன் நீங்கள் அடிக்கடி செய்யும் பொருளில் எந்தப் பலகையின் முனை மிக அகலமானது என்று அளந்து பாருங்கள். டிஸ்கின் ஆரம் அந்த அகலத்தைவிடக் குறைந்தது 15 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இதே உடலில் 200 மி.மீ. டிஸ்க் பொருந்திய வகையும் கிடைக்கிறது. இப்போது வாங்குவதானால் கூடுதல் பணம் கொடுத்து அதையே வாங்குவேன்.

அளவுக்கு அடுத்தது வேகம். அமெரிக்கர்களின் செய்முறைக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வாங்குபவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். அங்கே மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. இண்டக்‌ஷன் மோட்டாரின் வேகம் அந்த எண்ணிக்கையைப் பின்பற்றுவதால், அங்கே நிமிடத்துக்கு 1,725 அல்லது 3,450 சுற்று என்று சொல்லப்படுவது இங்கே ஏறத்தாழ 1,440 அல்லது 2,850 சுற்றாக இருக்கும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு விளிம்பு வேகத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 150 மி.மீ. டிஸ்க் 1,440 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 680 மீட்டர் நகர்கிறது. 2,850 சுற்றில் அது 1,340 மீட்டரைத் தாண்டுகிறது. வேகம் கூடினால் மரம் விரைவாகக் குறையும் என்பது உண்மையே. ஆனால் தேக்கு, வேங்கை போன்ற கடின மரங்களின் வெட்டுமுகம் கருகுவதும் அதே அளவுக்கு விரைவாகும். நான் 1,440 சுற்று இயந்திரத்தை வாங்கினேன்; இந்த முடிவுக்காக ஒருநாளும் வருந்தியதில்லை. பெரிய இயந்திரத்தின் 300 மி.மீ. டிஸ்க் 1,440 சுற்றிலேயே அந்த 1,340 மீட்டர் அளவை எட்டிவிடுகிறது. ஆகவே, டிஸ்க் பெரிதாகப் பெரிதாகச் சுற்று வேகம் குறைவாக இருப்பதே நல்லது.

இனி மேசை. இந்த வகை இயந்திரத்தின் தரம் முழுவதும் அந்தச் சிறிய மேசையில்தான் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் விற்பனை விளம்பரங்களில் மோட்டாரின் திறனுக்குக் கிடைக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்குகூட மேசைக்குக் கிடைப்பதில்லை. மேசை அசையாமல், தட்டையாக, டிஸ்குக்குச் செங்குத்தாக நின்றால் கால் குதிரைத்திறன் மோட்டாரிலும் அருமையான வேலை செய்யலாம். மேசை தளர்ந்திருந்தால் எவ்வளவு திறனுள்ள மோட்டாரும் தவறான கோணத்தை வேகமாக வெட்டித் தருவதற்கே பயன்படும். வார்ப்பிரும்பு மேசை எல்லாவற்றிலும் சிறந்தது; கனமான அலுமினிய வார்ப்பு போதுமானது; தகட்டை மடித்துச் செய்த மேசையைத் தவிர்த்துவிடலாம். மேசை எப்படித் தாங்கப்படுகிறது என்பதையும் குனிந்து பார்க்க வேண்டும். என் இயந்திரத்தில் மேசையை ஒருபுறம் மட்டுமே ஒரு தாங்கி பிடித்திருக்கிறது. மரத்தை அழுத்திப் பிடிக்கும்போது தாங்கியில்லாத ஓரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தாழ்ந்து, நான்கு பலகைகளில் மூன்று சரியாகவும் ஒன்று சாய்வாகவும் வந்தன. தவறு என் கையில்தான் என்று இரண்டு மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான், மோட்டாரை நிறுத்திவிட்டு மேசையின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து உண்மையைக் கண்டுகொண்டேன். மேசைக்கு மேல் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றைப் பொருத்தி, அதன் தளர்ந்த ஓரத்துக்குக் கீழே பணிமேசையிலிருந்து ஒரு மரக்காலைக் கொடுத்தபின் அந்தக் குறை தீர்ந்தது. கடையில் நேரில் பார்த்து வாங்க முடிந்தவர்கள் இந்த விரல் சோதனையை மறக்காமல் செய்யுங்கள்.

மேசைக்கும் டிஸ்குக்கும் நடுவிலுள்ள இடைவெளி 2 மி.மீ. அளவைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் மெல்லிய துண்டுகள் அந்த இடுக்கில் இழுபட்டுச் செல்லும்; துண்டோடு விரல் நுனியும் செல்லலாம். மேசையைச் சாய்க்கும்போது இந்த இடைவெளி மாறுவதால், ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். மேசையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கோண அளவுகோல் ஏறத்தாழ வழிகாட்டுமே தவிர, அதை நம்பிப் படச்சட்டம் செய்ய முடியாது. செங்கோணத்துக்கு நல்ல மூலைமட்டமும் 45 பாகைக்குப் பிளாஸ்டிக் மூலைக்கோல் ஒன்றும் போதும். இன்னும் நுட்பமாகச் சோதிக்க விரும்பினால், ஒரே அகலமுள்ள இரண்டு துண்டுகளின் முனைகளைத் தேய்த்து, ஒன்றைக் கவிழ்த்து இரண்டையும் முனையோடு முனையாகச் சமதளத்தில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். பிழை இருமடங்காகத் தெரியும் என்பதால் கால் பாகைச் சாய்வுகூட மறைந்துகொள்ள முடியாது.

மரத்தை வேண்டிய கோணத்தில் பிடித்துத் தள்ள, மேசைப் பள்ளத்தில் ஓடும் கோணப்பிடி இயந்திரத்தோடு வந்தது. அது பள்ளத்தில் ஆடியது. பிடியின் பட்டைமீது ஒரு ஓரத்தில் செல்லோடேப் ஒட்டி ஆட்டத்தைக் குறைத்தேன். ஆனால் 45 பாகைக்கு நானே மரத்தில் செய்துகொண்ட பிடிதான் எனக்கு நிலையான பலன் தருகிறது.

டிஸ்க் பகுதியைப் பற்றியே இவ்வளவு எழுதியதற்குக் காரணம், வீட்டுப் பட்டறையில் பத்தில் ஏழு வேலைகளுக்கு அதுதான் பயன்படுகிறது என்பதே. மணைப்பலகையின் மூலைகளை உருட்டுவது, பல்லாங்குழிப் பலகையின் புறவளைவைக் கோட்டுக்குக் கொண்டுவருவது, இணைத்த பெட்டியின் மூலையில் துருத்தி நிற்கும் முனையைச் சமன் செய்வது ஆகிய எல்லாம் டிஸ்கின் வேலைகள். அதன் தேய்ப்பு வளைகோடுகளாக விழுவதால் பலகையின் முகப்பை அதில் தேய்க்கக் கூடாது. முகப்பும் நீள விளிம்பும் இழையின் போக்கிலேயே தேய்க்கப்பட வேண்டியவை, அதற்குத்தான் பெல்ட்.

பெல்ட் இரண்டு உருளைகளைச் சுற்றி ஓடுகிறது. நடுவில் அதைத் தாங்கும் இரும்புத் தட்டின் மேல்தான் மரத்தை வைக்கிறோம். அந்தத் தட்டு தட்டையாக இல்லாவிட்டால் பெல்ட்டில் தேய்த்த பலகையும் தட்டையாக இராது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எஃகு அளவுகோலின் விளிம்பைத் தட்டின் மேல் நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். எனக்கு வந்த தட்டு நன்றாகவே இருந்தது. பெல்ட் பகுதியைப் படுக்கை நிலையிலிருந்து நேராக நிமிர்த்த முடிவதும், மேல் உருளையின் மூடியைக் கழற்றி உள்வளைவுகளை அந்த உருளையில் தேய்க்க முடிவதும் எனக்குப் பெரிதும் பயன்பட்டன. நீளமான பலகையைத் தேய்க்க வேண்டுமானால் முனையிலுள்ள தடுப்பையும் கழற்ற வேண்டும். கழற்றிய பிறகு மரத்தை இருகைகளாலும் பிடிக்காமல் பெல்ட்டில் வைத்தால் அது அம்புபோலப் பாயும்.

ஓடும்போது பெல்ட் ஒரு பக்கமாக நகர்வது இந்த இயந்திரங்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை. ஓர் உருளையின் சாய்வை ஒரு திருகு மாற்றுகிறது. அதைக் கால் சுற்றுக்குக் கால் சுற்றாகத் திருப்பிவிட்டு, பெல்ட் நிலைகொள்ளச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பியதில் என் முதல் பெல்ட்டின் ஓரம் உடலில் உரசிக் கிழிந்தது. அதன்பின் பழகிவிட்டது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டிய மூட்டு உள்ள பெல்ட்டுகளில் உட்புறத்தில் அம்புக்குறி இருக்கும். அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் மூட்டு ஒவ்வொரு சுற்றிலும் மரத்தில் இடித்துச் சீக்கிரமே பிரிந்துவிடும். மழைக்காலத்து ஈரம் மூட்டின் பசையைக் கெடுக்கிறது என்பதால் பெல்ட்டுகளை மடிக்காமல் தடித்த பிளாஸ்டிக் குழாயில் தொங்கவிட்டு, வீட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

வாங்கும் முன் விசாரிக்க வேண்டியவற்றுள் மிக முக்கியமானது பெல்ட் கிடைக்குமா என்பது. நம் ஊர் இரும்புக்கடைகளில் கையால் பிடித்து ஓட்டும் பெல்ட் சாண்டருக்கான 75 × 533, 100 × 610 மி.மீ. அளவுகள் எளிதில் கிடைக்கின்றன. 100 × 914 மி.மீ. அளவு எல்லாக் கடைகளிலும் இருப்பதில்லை. இணைய விற்பனையில் கிடைக்கிறது என்றாலும், உப்புத்தாள் சுருள்களை விற்கும் மொத்த வணிகர்களிடம் நீளத்தைச் சொன்னால் வெட்டி ஒட்டித் தருகிறார்கள். நான் இப்போது பத்துப் பத்தாக அப்படித்தான் வாங்குகிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1954 முதல் இயங்கிவரும் கார்போரண்டம் யுனிவர்சல் போன்ற நிறுவனங்களின் துணித்தளச் சுருள்கள் இந்த வேலைக்கு நன்றாக உழைக்கின்றன. மரத்துக்கு அலுமினியம் ஆக்சைடு வகையே போதுமானது.

உப்புத்தாளின் எண்ணைப் பொறுத்தவரை (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்), வடிவம் கொண்டுவர 80, முடிக்க 120 என்று இரண்டை மட்டுமே இயந்திரத்தில் மாட்டுகிறேன். 150-க்கு மேற்பட்ட நைசான தாள் இயந்திர வேகத்தில் சீக்கிரம் அடைத்துக்கொண்டு மரத்தைக் கருக்குகிறது. 180, 240 எண்களைக் கையால் தேய்ப்பதே மேல். தேக்கின் எண்ணெய்ப் பிசுக்கு பெல்ட்டில் படிந்தால், பெல்ட்டைச் சுத்தம் செய்யும் கட்டியாக விற்கும் கிரேப் ரப்பரை ஓடும் பெல்ட்டில் லேசாக அழுத்தினால் பிசுக்கு உருண்டு வந்துவிடும். ஒரு பெல்ட்டின் வாழ்நாள் இதனால் இருமடங்காவதைக் கண்டிருக்கிறேன். டிஸ்க் தாளில் பசையோடு வருவது, வெல்க்ரோவில் ஒட்டுவது என்று இரண்டு வகை. வெல்க்ரோ மாற்றுவதற்கு எளிது. ஆனால் அதன் மெத்தைத்தன்மை காரணமாக விளிம்பு மிக மெல்லிதாக உருண்டுவிடுகிறது. துல்லியம் வேண்டுவோருக்குப் பசைத்தாளே சரி. பழைய தாளை முடி உலர்த்தியால் சூடேற்றி உரித்தால் பசை தட்டில் தங்காது.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கார்பன் பிரஷ் உள்ளதை விட்டுவிட்டு இண்டக்‌ஷன் மோட்டாரைத் தேர்ந்தெடுங்கள். ஓசை குறைவு, ஆயுள் மிகுதி. நம் பகுதிக்குரிய இரண்டு செய்திகள் உண்டு. மாலை நேரத்தில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 190 வோல்ட் வரை இறங்குவதுண்டு. இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியை ஒட்டிக் குறைவதால், 230-க்குப் பதில் 190 வோல்ட் கிடைக்கும்போது விசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அந்த நேரத்தில் பெல்ட்டை அழுத்தினால் அது நின்றுவிடும். மோட்டார் முனகிக்கொண்டே சூடேறும். கனமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்கிறேன். இரண்டாவது, மின்தடை. வேலையின் நடுவே மின்சாரம் போய், நாம் பெல்ட்டை மாற்றிக்கொண்டிருக்கையில் திரும்பி வந்தால் சாதாரணச் சுவிட்ச் உள்ள இயந்திரம் தானாக ஓடத் தொடங்கிவிடும். மின்சாரம் போனவுடன் தானே விடுபட்டு, பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினால் மட்டுமே ஓடும் சுவிட்ச் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். எர்த் இணைப்பு சரியாக உள்ள பிளக்கில் மட்டுமே மாட்ட வேண்டும்.

தூசியைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரம்பத்தின் தூள் தரையில் விழுந்துவிடும். சாண்டரின் தூசியோ கண்ணுக்குத் தெரியாமல் பல மணி நேரம் காற்றில் மிதக்கும். வேம்பைத் தேய்த்த முதல் நாள் இரவு உணவுகூடக் கசந்தது. மரத்தூசி புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் முதல் பிரிவில் வகைப்படுத்தியிருக்கிறது. மூக்கிலும் அதை ஒட்டிய எலும்புக் குழிகளிலும் வரும் புற்றுநோயே அதில் முதன்மையானது. சாண்டரில் இரண்டு தூசிவாய்கள் இருக்கின்றன. அவற்றின் விட்டம் வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயைவிடப் பெரியது என்பதால், மிதிவண்டி உள்டியூபை வெட்டி இணைப்பாகச் சுற்றியிருக்கிறேன். டிஸ்க் பக்கத்தில் பெரும்பகுதித் தூசியை அது இழுத்துக்கொள்கிறது. பெல்ட் பக்கத்தில் பாதியைத்தான் பிடிக்கிறது. எனவே, குழாய் இருந்தாலும் என்95 முகக்கவசம் அணியாமல் நான் சுவிட்சைத் தொடுவதில்லை. கைக்குட்டை இதற்குப் பயன்படாது. கையுறையும் தோள் துண்டும் கூடவே கூடாது. பெல்ட் அவற்றைப் பற்றிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுக்கும்.

உளி தீட்டவும் இதையே பயன்படுத்தலாம் என்று சில விற்பனைக் குறிப்புகளில் சொல்லப்படுகிறது. எஃகிலிருந்து பறக்கும் தீப்பொறி, உடலுக்குள் தேங்கியிருக்கும் மரத்தூளில் விழுந்து புகைந்து, பல மணி நேரம் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளலாம்; வாக்குவம் கிளீனரின் பை அதைவிட மோசமான இடம். மரத்துக்கு வாங்கிய சாண்டரில் இரும்பைத் தொடாதீர்கள்.

கடைசியாக, உள்ளே இருக்கும் இன்னொரு பட்டையைப் பற்றி. என்னிடம் உள்ளது போன்ற இயந்திரத்தில் மோட்டார் நேரடியாக டிஸ்கைச் சுழற்றுகிறது. பெல்ட்டின் உருளைக்கு விசையைக் கொண்டுசெல்வது பக்க மூடிக்குள் இருக்கும் சிறிய ரப்பர்ப் பட்டை. எட்டாம் மாதத்தில் என்னுடையது பல் உதிர்ந்து அறுந்தது. விற்றவர்களிடம் கேட்டபோது மாற்றுப்பட்டை தனியாக விற்பனைக்கு இல்லை என்றார்கள். அறுந்த பட்டையின் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்து, இயந்திரப் பட்டைகள் விற்கும் கடையில் காட்டினேன். கடைக்காரர் உள்ளே சென்று ஐந்து நிமிடத்தில் அதே எண்ணுள்ளதை எடுத்து வந்தார், இரண்டாக வாங்கிக்கொண்டேன். புதிய இயந்திரத்தை வாங்கிய அன்றே பக்க மூடியைத் திறந்து அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓடித் தேய்ந்த பிறகு எழுத்து இருக்காது. என் பட்டறையில் அந்த எண், சாண்டருக்கு மேலுள்ள சுவரில் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே ஆணியில் இரண்டாவது பட்டை தொங்குகிறது.